நம்பிக்கை அவாவாகுமா?

(பௌர்ணமி உபோசத நாளில் நிகழ்த்திய தம்ம உரை)



சென்ற பௌர்ணமியன்று புத்த வந்தனம் முடிந்து பஞ்சசீலம் ஏற்றபின், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். நேரம் கடந்துவிட்டமையால் அன்று விடை கூறாது நிறுத்தினோம். உண்மையைச் சொல்லின், நேரம் மட்டும் காரணமன்று. அவ்வினாவிற்கு உடனே விடை கூறும் ஆற்றல் அன்று நமக்கு இல்லை. ஒரு திங்கள் அதனை நெஞ்சில் சுமந்து திரிந்த பின்னர் இன்று பேசத் துணிகிறோம்.

அவர் கேட்டது இது: "எங்கள் தெருவினர் மயானத்திற்குச் செல்ல ஒரு பாதை வேண்டி மூன்று முறை மனுச் செய்தோம். முதல் மனு காணாமற் போயிற்று. இரண்டாம் மனுவைக் கேட்டால் அதிகாரி மாறிவிட்டார் என்றனர். மூன்றாவதற்கு விடையே இல்லை. மழைக்காலத்தில் பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு முழங்கால் நீரில் நடக்கிறோம். பெரியவர்களாகிய நீங்களோ நம்பிக்கை இழக்காதீர் என்கிறீர்கள். அவாவே துன்பத்தின் வேர் என்று போதிப்பவர்களும் நீங்களே. நாளை நடக்கும், நாளை நடக்கும் என்று எதிர்நோக்குவதும் ஓர் அவாவன்றோ? அதனையும் விட்டுவிட்டால் ஏமாற்றமாவது இல்லாமற் போகுமே!"

இவ்வினாவை இகழ்தல் தகாது. ஏமாந்து ஏமாந்து புண்பட்ட மனத்திலிருந்து பிறந்த வினா இது. இவ்வாறு கேட்கும் இளைஞர் நம்மிடையே ஒருவர் அல்லர், பலர். வாய்விட்டுக் கேட்டவர் இவர் ஒருவரே; ஏனையோர் கேளாமலே கூட்டத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டனர்.

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவோம். பகவான் புத்தர் துன்பத்திற்குக் காரணமெனக் காட்டியது 'தண்ஹா' என்பது. தண்ஹா என்றால் தாகம். உப்புநீரைக் குடித்தவனுக்குத் தாகம் தணியாது மேன்மேலும் வளர்வதுபோல, பெறப்பெற வளரும் வேட்கை அது. ஆயின் பாளி மறைகளில் 'சந்த' என்று வேறொரு சொல்லும் உண்டு. நற்செயலைச் செய்யவேண்டும் என்று எழும் விருப்பத்தை அது குறிக்கும். இவ்விருப்பத்தை விடுமாறு பகவான் கூறவில்லை, வளர்க்குமாறே கூறினார். எண்வகை மார்க்கத்துள் நன்முயற்சி என்பது ஓர் அங்கம். தோன்றாத தீமை தோன்றாமற் காத்தல், தோன்றிய தீமையை ஒழித்தல், தோன்றாத நன்மையைத் தோற்றுவித்தல், தோன்றிய நன்மையைப் பேணி வளர்த்தல் என அது நால்வகைப்படும். விருப்பமே அற்றவன் இந்நான்கினுள் எதனைச் செய்வான்?

பகவான் காலத்தில் மூன்று கொள்கையினர் இருந்தனர். மனிதன் இன்று அடையும் இன்பதுன்பம் யாவும் முற்பிறப்பின் வினைப்பயனே என்றனர் ஒரு சாரார். யாவும் ஈசுவரன் படைப்பே என்றனர் மற்றொரு சாரார். காரணமே இன்றி யாவும் தாமே நிகழ்கின்றன என்றனர் பிறிதொரு சாரார். இம்மூவரையும் பகவான் ஒருங்கே மறுத்தார். ஏனெனில் இம்மூன்றில் எதனைக் கொண்டாலும், இதைச் செய்யவேண்டும், இதைச் செய்யலாகாது என்னும் விருப்பத்திற்கும் முயற்சிக்கும் இடமே இல்லாது போகும் என்று காட்டினார்.

அன்பர்களே, நம் நம்பிக்கையின் வேர் இங்கே உள்ளது. காரணம் இருப்பதால் காரியம் தோன்றுகிறது. காரணம் நீங்கின் காரியமும் நீங்கும். இதுவே பௌத்தத்தின் அடிப்படை. நம் தலையில் எழுதப்பட்டது என்று சொல்லப்பட்ட இழிவு, எழுத்தன்று, மனிதர் செய்தது. மனிதர் செய்ததற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் களையலாம். 'நல்லதே நடக்கும்' என்று கண்மூடிச் சொல்வது நம்பிக்கையன்று. 'இது காரணத்தால் வந்தது, ஆகவே நீக்கத்தக்கது' என்று அறிந்து கைவைப்பதே நம்பிக்கை. முன்னது சோதிடன் கூற்று. பின்னது மருத்துவன் செயல்.

இதனை விளக்க மகாஜனக ஜாதகக் கதை ஒன்றே போதும்.

போதிசத்துவர் மகாஜனகர் என்னும் அரசகுமாரராய்ப் பிறந்து, தந்தை இழந்த நாட்டை மீட்கப் பொருள் தேட விரும்பிக் கப்பலேறிச் சுவர்ணபூமி நோக்கிச் சென்றார். நடுக்கடலில் கலம் உடைந்தது. உடனிருந்தோர் அழுதனர்; தத்தம் தெய்வங்களைக் கூவி வேண்டினர். அவரோ அழவுமில்லை, வேண்டவுமில்லை. கலம் மூழ்கும் என்று தெளிந்தவுடன் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து வயிறார உண்டார். உடைகளை எண்ணெயில் தோய்த்து இறுகக் கட்டினார். பாய்மரத்தின் மீதேறி, மிதிலை எத்திசையில் உள்ளது என்று நிச்சயித்து, அத்திசை நோக்கிப் பாய்ந்தார். ஏழு நாள் நீந்தினார்.

கடலைக் காக்கும் மணிமேகலைத் தெய்வம் அந்த ஏழு நாளும் கடலைக் கவனியாதிருந்தது. ஏழாம் நாள் நினைவு வந்து நோக்க, கரையே தெரியாத நீர்ப்பரப்பில் ஒருவர் கை வீசிக்கொண்டிருக்கக் கண்டு வியந்தது. "கரை தெரியாத இடத்தில் எதனைக் கருதி இவ்வாறு முயல்கிறாய்? கரையை அடையுமுன் மடிவாயே!" என்று வினவியது. முயற்சி மனிதன் கடமையென்றும், முயன்று மடிபவன் சுற்றத்தார்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டவனாகான் என்றும் அவர் விடை பகர்ந்தார். முடிவுறாத முயற்சியால் பயன் என்னை என்று தெய்வம் மீண்டும் கேட்டது. அதற்கு அவர் தம் முயற்சியின் பயன் கண்முன்னே இருக்கிறது என்றார். உடன் வந்தோர் மூழ்கிவிட்டனர். தாமோ இன்னும் நீந்துகிறார். நீந்தியதால் அன்றோ தெய்வத்தையும் காண்கிறார்! அது கேட்டு மகிழ்ந்த தெய்வம் அவரை எடுத்துச் சென்று மிதிலையில் சேர்த்தது.

இத்தெய்வம் தமிழர்க்குப் புதியதன்று. கோவலன் தன் மகளுக்கு இட்ட பெயர் இதன் பெயரே. அவன் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து கடலில் தத்தளித்தபோது அவனைக் கரை சேர்த்த தெய்வம் என்பதால் அப்பெயரை இட்டான். அம்மகளே பின்னர் அட்சய பாத்திரம் ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள்.

இக்கதையில் நாம் கருதத்தக்கவை மூன்று. ஒன்று: அவர் குதிக்குமுன் உண்டார், உடையில் எண்ணெய் தோய்த்தார், திசை அறிந்தார். ஆயத்தம் இல்லாத நம்பிக்கை வெறும் கூவல். இரண்டு: தெய்வம் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை, தெய்வம் ஏழு நாள் தாமதித்தே வந்தது. வந்தபோது அவர் மிதந்துகொண்டிருந்தமையால்தான் அதனால் தூக்க முடிந்தது. மூன்று: கரை தெரிகிறதா என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை வீச முடிகிறதா என்றே கேட்டுக்கொண்டார்.

இது கதைதானே என்பீர். ஆகவே சரித்திரத்திற்கு வருவோம்.

1923ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே என்பார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தால் அமைந்த குளம், கிணறு, பள்ளி முதலியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோரும் பயன்படுத்த உரிமை உண்டு என்பது அது. அடுத்த ஆண்டு மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை எல்லோர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தாளில் குளம் திறந்தது, தரையில் திறக்கவில்லை. மூன்றாண்டுக் காலம் எவரும் அந்நீரை அள்ளத் துணியவில்லை.

1927 மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அணிவகுத்துச் சென்று அந்நீரைப் பருகினர். அன்றே தாக்கப்பட்டனர். பின்னர், குளம் தீட்டுப்பட்டது என்று கூறிய மேற்சாதியார் 108 குடம் பால், தயிர், சாணம், கோமியம் கலந்து ஊற்றித் 'தூய்மை' செய்தனர். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அதற்குள் நீதிமன்றத் தடையாணை வந்துவிட்டது. 25ஆம் நாள் மநுஸ்மிருதியை எரித்தனர். ஆயின் தடையாணையை மதித்து, குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து, நீரைத் தொடாமல் திரும்பினர்.

அன்று திரும்பி நடந்தோரின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தொலைவூர்களிலிருந்து கால்நடையாய் வந்தவர் பலர். நீர் கண்முன் கிடக்கிறது, தாகத்தோடு திரும்புகின்றனர். நம் இளைஞரின் வினா அன்று அவருள் எத்தனைபேர் நெஞ்சில் எழுந்திருக்கும்! வழக்கு கீழ்மன்றத்திலிருந்து மேல்மன்றம் ஏறி, 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மக்களுக்குச் சாதகமாக முடிந்தது. பத்தாண்டு நிறைய மூன்று நாளே குறைவு. மணிமேகலைத் தெய்வம் ஏழு நாள் தாமதித்தது. சட்டம் என்னும் தெய்வம் பத்தாண்டு தாமதித்தது. அதுவரை மூழ்காதிருந்தோர் இருந்தமையால் அதற்குத் தூக்க ஆள் கிடைத்தது.

நிற்க. எல்லா முயற்சியும் இவ்வாறு முடிவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1930 மார்ச்சு 2ஆம் நாள் நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஆண்டுகள் பல நடந்தும் கதவு திறக்கவில்லை. பாபாசாகேப் என் செய்தார்? கதவில் தலையை மோதிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. அம்முயற்சியை நிறுத்துமாறு கூறினார். 1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலாவில், இந்துவாய்ப் பிறந்த தாம் இந்துவாய் இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார். இருபத்தோராண்டு ஆராய்ந்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணம் ஏற்றார். லட்சக்கணக்கான மக்கள் அவருடன் தம்மம் தழுவினர். டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

நம் பகவானும் ஆறாண்டு உடலை வருத்தித் தவம் செய்து, அவ்வழி பயன்படாது என்று கண்டபோது அதனை விடுத்தார். உடனிருந்த ஐவர், இவர் தளர்ந்துவிட்டார் என்று இகழ்ந்து நீங்கினர். அவர் விட்டது வழியை, நோக்கத்தை அன்று. ஒரு வழியைக் கைவிடுவதும் நம்பிக்கையைக் கைவிடுவதும் ஒன்றல்ல என்பதை நம் இளைஞர் நன்கு மனத்தில் இருத்துக.

கரையைக் காணாமலே மறைந்தோரும் உளர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அச்சகக் கடனும் சந்தாக் குறையும் அறிந்தோர்க்கே ஓர் இதழை வாரந்தோறும் நடத்துவதன் பாடு விளங்கும். 1914இல் அவர் மறைந்தார். அதன்பின் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் போன்றோர் அவ்விதழை மீண்டும் நடத்தினர். பின்னர் அதுவும் நின்றது. பண்டிதரின் எழுத்துகள் நெடுங்காலம் பழைய பெட்டிகளில் உறங்கின. 1999இல் அவை தொகுதிகளாய் வெளிவந்தபோதுதான் கற்றோர் உலகம் இப்படி ஒருவர் இருந்தாரா என்று வியந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள்! அத்தாள்களைக் கறையானுக்கு இடாமல் காத்த பெயர் தெரியாத குடும்பங்கள் எதனை எதிர்பார்த்துக் காத்தன? எவர் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் எறிந்துவிடவில்லை.

இனி, கூற நாணும் ஒன்றைக் கூறவேண்டும். பிறருக்கு நம்பிக்கை போதிக்கும் நாம் ஒருகால் அதனை இழந்தவர்களே.

நாம் இளமையில் ஒரு நூற்பாலையில் சைடராய் வேலை செய்தோம். ஒருநாள் காலை வாயில் பூட்டிக் கிடந்தது. ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. நிலுவைக் கூலியும் பணிக்கொடையும் கேட்டு வாயிலெதிரே பந்தல் போட்டோம். முதல் வாரம் பந்தலில் இடம் போதவில்லை. ஆறாம் மாதம் அங்கே அமர்ந்திருந்தோர் பதினொருவர். அந்தப் பதினொருவரில் நாம் இல்லை. சந்தையில் மூட்டை தூக்கப் போய்விட்டோம். வயிற்றுப்பாடு என்பது உண்மை. ஆனால் அதோடு நின்றோமில்லை. பந்தலில் இருப்போர் பைத்தியக்காரர் என்று கடைத்தெருவில் பேசியும் திரிந்தோம். தாம் விட்டுவிட்டதைப் பிறர் விடாதிருப்பது கண்டால் மனம் இவ்வாறுதான் கசக்கும்.

ஒன்பதாண்டு கழித்து வழக்கு முடிந்தது. பணம் பெறுவோர் பட்டியலில் நம் பெயரும் இருந்தது. வைண்டிங் பகுதியில் வேலை செய்த ஓர் அம்மையார் பந்தலில் வருகைக் குறிப்பேடு வைத்திருந்தார். பட்டியல் எழுதியவரும் அவரே. அவரிடம் சென்று, நம்மை ஏன் சேர்த்தீர் அக்கா என்று கேட்டோம். "உன் பெயரை அடிக்கச் சொன்னார்கள் தம்பி. நீ திரும்பி வந்தால் பெயர் இல்லாமல் இருக்கக்கூடாதே என்று விட்டுவைத்தேன்" என்றார். வெல்வோம் என்று நம்பினீரா என்று கேட்டோம். "வெல்வோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. போனேன்" என்றார்.

அப்பணத்தைக் கையில் வாங்கியபோது நாம் அடைந்த வெட்கமே நம்மைத் தம்மத்தின் பக்கம் திருப்பிற்று. பின்னர்ச் சூத்திரங்களைப் படிக்கையில் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். நல்லோர் நட்பு தம்ம வாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறினார். பாதியன்று ஆனந்தா, முழுமையும் அதுவே என்னும் கருத்தில் பகவான் திருத்தினார். குறிப்பேடு வைத்த அந்த அம்மையார் முகமே அப்போது நம் கண்முன் வந்தது. நம்பிக்கை என்பது தனி ஒருவன் நெஞ்சில் இருந்தால் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். கூட்டத்தில் இருந்தால், ஒருவனிடம் தீர்ந்தபோது மற்றொருவர் அவனுக்காக வைத்திருப்பார்.

நூற்பாலையில் கற்ற பாடம் ஒன்றும் உண்டு. இழை அறாது என்று நம்பி எவரும் சைடர் வேலைக்குப் போவதில்லை. அறும் என்று அறிந்தே போகிறோம். நாளெல்லாம் பிரேமின் இருபுறமும் நடந்து, அறுந்த இடத்தில் இணைத்து மேலே செல்கிறோம். நூலின் இறுக்கம் மிகுந்தால் அறும்; குறைந்தால் சுருண்டு சிக்கும். சோணர் என்னும் பிக்கு பாதம் வெடித்துக் குருதி சிந்தும்வரை நடந்து தவம் செய்து, பயன் காணாது, இல்லறத்திற்கே திரும்பலாமோ என்று தளர்ந்தார். அவர் முன்னர் வீணை பயின்றவர். நரம்பை மிக இறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாது, நடுநிலையில் வைத்தால் பிறக்கும் என்பதை அவர் வாயாலேயே வருவித்துப் பகவான் அவரைத் திருத்தினார். நாளையே எல்லாம் மாறும் என்பது மிகை இறுக்கம். என்றும் எதுவும் மாறாது என்பது மிகைத் தளர்ச்சி. இரண்டும் அற்ற நடுவழியே நம்பிக்கை.

ஆதலின், வினவிய இளைஞரே, உம் வினாவிற்கு நம் விடை இது. நாளை பாதை வந்துவிடும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பது அவா. அதனை விடுவது நன்றே. பாதை வரவேண்டும் என்று உழைப்பது நன்முயற்சி. அதனை விடுவது நன்றன்று. நாம் அறிந்தவரை, உம் மூன்று மனுவும் ஒருவர் எழுதி ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தவை. நகல் இல்லை, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு இல்லை, நிலத்தின் சர்வே எண் இல்லை. அதாவது உடையில் எண்ணெய் தோய்க்காமல் கடலில் குதித்தோம். குற்றம் உம்முடையதன்று; வழிகாட்டாத பெரியவர்களாகிய நம்முடையது.

நான்காம் மனுவை அடுத்த ஞாயிறு இவ்விடத்திலேயே அமர்ந்து எழுதுவோம். நில அளவை வரைபடத்தின் நகலை முதலில் பெறுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து உண்டு. முன் மனுக்கள் என்னவாயின என்று அதன்படி எழுத்தில் கேட்போம். தெருவினர் அனைவரும் கையொப்பமிடுக. திங்கள்தோறும் இருவர் இருவராய் முறைவைத்து அலுவலகம் செல்க. சென்ற நாளையும் பெற்ற விடையையும் ஒரு குறிப்பேட்டில் பதிக. வராமல் நின்றுவிட்டோர் பெயரையும் அக்குறிப்பேட்டிலிருந்து அடிக்காதீர்.

பாதை எப்போது வரும் என்று நாம் உறுதி கூறோம். ஓராண்டில் வரலாம், பத்தாண்டும் ஆகலாம். வரும்வரை, பிணம் சுமக்கும் தோளுக்கு மாற்றுத்தோள் கொடுக்க இச்சங்கம் உடன் நடக்கும். நாமும் அந்நீரில் நடப்போம்.

எல்லா உயிர்களும் இன்புறுக. துன்புறுவோர் துன்பம் நீங்குக. முயல்வோர் தளராதிருக்க.

சாது! சாது! சாது!